எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட ஜெனரல்

எங்கள் பெரியப்பாவிடம் வாயால் சொன்னால் வேலை நடக்காது. கோவில் கமிட்டியில் முப்பது வருடமாகப் பொருளாளர். "காவடிக்குப் பந்தல் போடச் சொல்லிட்டாங்க" என்று யாராவது வந்து நின்றால், "யாரு சொன்னது? எழுதிக் குடுக்கச் சொல்லு, அப்புறம் போடலாம்" என்பார். (நாங்கள் வீட்டில் கிரியோலில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.) 1960இல் கரோல் புயல் மொரீசியஸைப் புரட்டிப் போட்டபோது அவருக்குப் பதினாலு வயது, கண் முன்னால் வீட்டுக் கூரை பறந்ததைப் பார்த்தவர். அதனால் இன்றைக்கும் சைக்ளோன் வார்னிங் கிளாஸ் ஒன்று, அதாவது முதல் எச்சரிக்கை, ரேடியோவில் வருவதற்கு முன்பே தகரத்துக்குக் கயிறு கட்டி, டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி, வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைத்து, தெருவில் தனியாக இருக்கிற வயசானவர்களின் பெயரை ஒரு நீல நோட்டில் எழுதி முடித்திருப்பார்.

இந்தப் பதிவு அவரைப் பற்றியது இல்லை. சாமுவேல் ஸ்மித் என்ற அமெரிக்கரைப் பற்றியது. ஆனால் மூன்று மாதமாக அந்த மனிதரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் பெரியப்பாதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறார். அதனால் அவரை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

ஆரம்பித்தது மாஹேபூர் அருங்காட்சியகத்தில். பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். 1810 ஆகஸ்ட்டில் கிராண்ட் போர்ட் குடாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயக் கப்பற்படையைத் தோற்கடித்த கதையை வழக்கம்போலச் சொன்னேன். பாரிஸில் இருக்கிற வெற்றி வளைவில் அந்தப் பெயரைப் பொறித்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். ஒரு பையன் கையைத் தூக்கி, "ஆகஸ்ட்ல ஜெயிச்சாங்க, அப்புறம் டிசம்பர்ல எப்படி டீச்சர் தீவையே குடுத்துட்டாங்க?" என்று கேட்டான். நான் ஏதோ ஒரு பதில் சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அந்தக் கேள்விதான்.

நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1810 நவம்பர் 29 அன்று ஆங்கிலேயப் படை வடக்கே காப் மால்யரோ பக்கத்தில், மாப்பு குடாவில் இறங்கியது. சிப்பாய்களும் மாலுமிகளுமாக ஏறத்தாழ 10,000 பேர். அதில் மதராஸ் ரெஜிமெண்டுகளும் இருந்தன. அந்தச் சிப்பாய்களில் தமிழ் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். இந்தப் பக்கம் போர்ட் லூயியில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலம் தொட்டு வந்து குடியேறிய தமிழ்க் கைவினைஞர்கள் இருந்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி பிரெஞ்சு ஆளுநர் தெக்கான் கையெழுத்துப் போட்டுத் தீவை ஒப்படைத்துவிட்டார். அவரிடம் இருந்த முறையான சிப்பாய்கள் கொஞ்சம், மீதி ஊர்க்காரர்களைக் கொண்ட மிலிஷியா. தீவில் பெரும்பான்மையானவர்களோ அடிமைகள், அவர்களுக்கு இந்தத் தீவு யார் கையில் இருந்தால் என்ன? தெக்கானைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குடிமக்களின் மதமும் சட்டமும் வழக்கமும் மாறாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவர் தீவை விட்டார். இன்றைக்கும் நம் சிவில் சட்டத்தில் பிரெஞ்சு வாடை அடிப்பதற்கு அந்தக் காகிதம்தான் காரணம்.

சரி, அதே ஆங்கிலேயக் கப்பற்படை, அதே போல ஒரு வியாபாரத் துறைமுகம், அதே போல ஊர்க்காரர்களின் மிலிஷியா, ஆனால் விழாமல் நின்ற ஊர் எதாவது உண்டா என்று தேடப்போய்த்தான் பால்டிமோருக்கு வந்து சேர்ந்தேன். 1814 செப்டம்பர். அமெரிக்க தேசிய கீதம் பிறந்த சண்டை என்றால் பலருக்கும் தெரியும். கோட்டையும் கொடியும் பாட்டும் உலகத்துக்கே தெரியும். அந்த ஊரைக் காப்பாற்றிய கிழவரின் பெயர் அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது போலிருக்கிறது.

சாமுவேல் ஸ்மித் பிறந்தது 1752 ஜூலை 27, பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில். அப்பா வியாபாரி. சின்ன வயதிலேயே குடும்பம் பால்டிமோருக்கு வந்துவிட்டது. பையன் அப்பாவின் கப்பல் சரக்கோடு ஐரோப்பாவுக்குப் போய் வந்து வியாபாரம் பழகினான். ஆங்கிலேயரை எதிர்த்து அமெரிக்கப் புரட்சிப் போர் தொடங்கியதும் மேரிலாந்து ரெஜிமெண்டில் சேர்ந்தான். இதையெல்லாம் வேகமாகக் கடந்து 1777க்கு வந்துவிடுகிறேன். என் கணக்கில் அந்த மனிதர் உருவானது அந்த வருடத்தில்தான்.

பிலடெல்பியாவை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆனால் ஊருக்குள் சோறு வர வேண்டுமென்றால் டெலவேர் ஆற்றில் கப்பல் வர வேண்டும். ஆற்று நடுவில் சேற்றுத் தீவு ஒன்று, அதன் மேல் மிஃப்லின் கோட்டை. 25 வயது லெப்டினன்ட் கர்னல் ஸ்மித்தைச் சுமார் 200 பேரோடு வாஷிங்டன் அங்கே அனுப்பினார். கோட்டை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், சுவரில் இரண்டு பக்கம்தான் கல், மற்றது மரமும் மண்ணும். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அந்தக் கோட்டையில் குண்டைவிட ஸ்மித்தைப் படுத்தியது வேறொன்று: யார் சொல்வதை யார் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு மேலே அரென்ட் என்ற ஜெர்மன் அதிகாரியைப் போட்டார்கள். அவருக்கோ உடம்பு சரியில்லை, வந்தார், போனார். ஃப்ளூரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒன்று சொல்வார், ஸ்மித் ஒன்று சொல்வார். ஆற்றில் நின்ற பென்சில்வேனியா படகுப் படையின் தலைவர் ஹேசல்வுட் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. கூப்பிட்டால் வருவார் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

நவம்பர் 11 அன்று ஸ்மித் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தில் இருந்தபோது பீரங்கிக் குண்டு ஒன்று புகைபோக்கியைத் துளைத்துக்கொண்டு வந்து அவர் இடுப்பில் பட்டது. செங்கல் சரிந்து மேலே விழுந்தது. வேகம் குறைந்து வந்த குண்டு என்பதால் உயிர் தப்பியது. அவரைப் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். நாலு நாள் கழித்துக் கோட்டையையே கைவிட வேண்டியதாயிற்று. காங்கிரஸ் அவருக்கு வாள் பரிசளிக்கத் தீர்மானம் போட்டது. பாராட்டு பாராட்டுதான். ஆனால் அந்தச் சேற்றில் அவர் கற்றுக்கொண்டது வாளைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன். 37 வருடம் கழித்து அவர் செய்த முதல் வேலையைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

1779இல் ராணுவத்தை விட்டார். கையில் காசில்லை, குடும்பம் இருக்கிறது. வியாபாரத்துக்குத் திரும்பி, எஸ். ஸ்மித் அண்ட் புக்கானன் என்ற பெயரில் பால்டிமோரின் பெரிய கப்பல் வியாபாரிகளில் ஒருவரானார். கூடவே ஊர் மிலிஷியாவில் அதிகாரியாகவும் தொடர்ந்தார். 1794இல் விஸ்கி வரியை எதிர்த்துக் கிளம்பிய கலகத்தை அடக்கப் போன மேரிலாந்துப் படைக்குத் தலைமை தாங்கியதும் அவர்தான். (அதே 1794இல்தான் அமெரிக்கா நம் போர்ட் லூயிக்கு ஒரு கான்சலை நியமித்தது. அவர்கள் கப்பல்கள் இங்கே வந்து காப்பியும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு போன காலம் அது.)

அரசியலுக்கு வந்தது 1793இல். காங்கிரஸ் கீழ்சபையில் பத்து வருடம், அப்புறம் 1803 முதல் 1815 வரை செனட், மறுபடி 1816இல் கீழ்சபை, மறுபடி 1822இல் செனட், 1833 வரை. நடுவில் சில மாதம் தவிர நாற்பது வருடம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். 1801இல் ஜனாதிபதி ஜெஃபர்சனா பர்ரா என்று ஓட்டெடுப்பு 36 சுற்றுப் போனபோது ஜெஃபர்சன் பக்கத்துக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையில் போய்வந்து பேசியவர்களில் இவரும் ஒருவர். ஜெஃபர்சன் கடற்படை அமைச்சர் பதவி கொடுக்க வந்தபோது, வியாபாரத்தை விட முடியாது என்று மறுத்துவிட்டு, கொஞ்ச காலம் அந்த வேலையை மட்டும் பார்த்துக் கொடுத்தார். கடைசியில் அமைச்சரானது தம்பி ராபர்ட். ராபர்ட் பின்னால் அடுத்த ஜனாதிபதி மேடிசனின் வெளியுறவு அமைச்சரும் ஆனார், 1811இல் மேடிசன் அவரை நீக்கிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஜனாதிபதிக்கு விரோதிகள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களுக்குப் பிடிக்கும். நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோம் 1803 டிசம்பரில் பால்டிமோரில் எலிசபெத் பாட்டர்சன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் அல்லவா, அந்தப் பெண்ணின் அம்மாவும் ஸ்மித்தின் மனைவி மார்கரெட்டும் கூடப் பிறந்தவர்கள். நம் முறையில் சொன்னால் மணப்பெண்ணுக்கு ஸ்மித் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆக வேண்டும். போர்ட் லூயியை போர்ட் நெப்போலியன் என்று பெயர் மாற்றி வைத்திருந்த காலத்தில், அந்த நெப்போலியனுக்கே இவர் சம்பந்தி வகை. நெப்போலியன் அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாமல் ரத்து செய்தது தனிக் கதை.

இப்போது 1813. முந்தின வருடமே அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் மறுபடி போர் மூண்டிருந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் செசபீக் குடாவுக்குள் வந்து கரையோரக் கிராமங்களைக் கொளுத்த ஆரம்பித்தன. மேரிலாந்து ஆளுநர் லெவின் விண்டர், மிலிஷியாவின் மேஜர் ஜெனரலாக இருந்த ஸ்மித்திடம் பால்டிமோரின் பாதுகாப்பை ஒப்படைத்தார். மத்திய அரசிடம் பணம் இல்லை, இருந்தாலும் இவருக்குக் கொடுப்பார்களா? ஸ்மித் ஊர்க்காரர்களிடமும் வங்கிகளிடமும் போனார். துறைமுகத்தைக் காக்கிற மெக்ஹென்றி கோட்டைக்குத் தண்ணீர்ப் பக்கம் பெரிய பீரங்கி வேண்டும். அரசிடம் இல்லை. பிரெஞ்சு கான்சலிடம் இருந்தது! 1806இல் புயலில் பாய்மரம் முறிந்து செசபீக்கில் வந்து ஒதுங்கிய ஏயோல் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பீரங்கிகள் பால்டிமோரில் சும்மா கிடந்தன. ஜெரோம் போனபார்ட்டும் ஒரு கப்பலுக்குக் கேப்டனாக இருந்த அதே படைவரிசையைச் சேர்ந்த கப்பல் அது. அவற்றைக் கடனாக வாங்கிக் கோட்டையில் ஏற்றினார்கள். துறைமுக வாயில் குறுகலாக இருக்கும் இடத்தில் மூழ்கடிக்கப் பழைய கப்பல்களைத் தயாராக வைத்தார். எதிர்க்கரையில் பீரங்கி மேடை. படகுகள். மிலிஷியாவுக்கு இடைவிடாத பயிற்சி. ஒன்றரை வருடம் இப்படியே போனது, எதிரி வரவில்லை.

கிளாஸ் ஒன்றுக்கு முன்னாலேயே கூரைக்குக் கயிறு கட்டுகிற ஆளைத் தெருவில் நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வானம் நீலமாக இருக்கும், இவர் ஏணி மேலே நிற்பார். ஸ்மித்தும் அப்படித்தான் நின்றிருப்பார்.

1814 ஆகஸ்ட் 24. பிளேடன்ஸ்பர்க்கில் அமெரிக்கப் படை சிதறி ஓடியது, அன்று இரவே வாஷிங்டனில் நாடாளுமன்றமும் ஜனாதிபதி மாளிகையும் எரிந்தன. நெப்போலியனை முடித்த கையோடு ஐரோப்பாவிலிருந்து வந்த பழுத்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் எதிரில், தலைவர் ஜெனரல் ராபர்ட் ராஸ். பால்டிமோர் அங்கிருந்து அறுபதே கிலோமீட்டர். அடுத்தது தாங்கள்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிளேடன்ஸ்பர்க்கில் தோற்ற ஜெனரல் வில்லியம் விண்டர்தான் அந்த வட்டாரம் முழுவதற்கும் ராணுவத் தளபதி, முறைப்படி பால்டிமோரும் அவர் பொறுப்பில்தான் வரும். ஊர்ப் பெரியவர்களுக்கு அவர் வேண்டாம். கடற்படை வீரர் பெர்ரி, கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெட், மிலிஷியா பிரிகேடியர் ஸ்ட்ரிக்கர் எல்லாரும் ஒரே ஆளைத்தான் கேட்டார்கள். 62 வயது செனட்டரிடம் வந்து நீங்கள் தலைமை ஏற்க வேண்டும் என்றார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் அப்போதே குதிரையில் ஏறியிருப்பார். ஸ்மித் என்ன சொன்னார் தெரியுமா? ஆளுநர் ஒப்புக்கொள்ளட்டும், செய்கிறேன் என்றார். எழுதிக் கொடுக்கச் சொல்லு, அப்புறம் போடலாம்.

இதைப் படித்த இரவு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சேற்றுத் தீவில் அரென்டும் ஃப்ளூரியும் ஹேசல்வுட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்த அந்த ஐம்பது நாள் அவருக்கு மறக்கவில்லை. ஆளுநர் விண்டரின் பதில் சுருக்கமாக வந்தது: ஜனாதிபதி கேட்டபடி இந்த மாநிலத்திலிருந்து ஒரு மேஜர் ஜெனரல் தேவை, அதற்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ராணுவத் தளபதியைவிட உங்களுக்கு அதிகாரம் அதிகம் என்று அதில் தெளிவாக எங்கும் இல்லை. ஸ்மித்துக்கு அது போதும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் உத்தரவு போட ஆரம்பித்தார். வில்லியம் விண்டர் எதிர்த்துப் பார்த்தார். அவர் யார் தெரியுமா, ஆளுநர் விண்டரின் சொந்த அண்ணன் தம்பி மகன். உறவு உதவவில்லை. கடைசியில் அவர் ஊரின் மேற்குப் பக்கக் கரையைக் காக்கப் போனார். கடற்படை கமடோர் ராட்ஜர்ஸ் மாலுமிகளோடு மண் மேட்டில் வந்து நின்றார். ராணுவம், கடற்படை, மிலிஷியா என்று மூன்றும் ஒரே ஆளின் சொல்லைக் கேட்டன. 1777இல் கிடைக்காதது அதுதான்.

அப்புறம் மண் வெட்டினார்கள்.

ஹாம்ப்ஸ்டெட் மேடு என்று ஊருக்குக் கிழக்கே ஒரு மேடு. வார்டு வார்டாக ஊரை நாலாகப் பிரித்து, முறை வைத்து, மண்வெட்டி, கோடாலி, தள்ளுவண்டி எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லி அறிவிப்பு. ஆகஸ்ட் 28 ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையிலேயே வேலை தொடங்கியது. அந்த அறிவிப்பில் இன்னும் இரண்டு வரி உண்டு. சுதந்திரக் கறுப்பர்கள் வர வேண்டும், அடிமை வைத்திருப்பவர்கள் தங்கள் அடிமைகளை வேலைக்கு அனுப்ப வேண்டும். ஸ்மித்தும் அடிமைகள் வைத்திருந்தவர். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு என்னால் அடுத்த பக்கம் போக முடியவில்லை. நான் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவரின் வம்சம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் பழைய பதிவேடுகளில் அதைத் தேடிக் கண்டுபிடித்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு ஊர் காப்பாற்றப்பட்ட கதையைச் சொல்லும்போது அந்த மண்ணைச் சுமந்தவர்களையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஸ்மித்தை எனக்குப் பிடிக்கும். அவர் செய்த இந்த அநியாயத்தையும் அதே மூச்சில்தான் சொல்ல வேண்டும்.

அதே போல அந்தக் கொடி. கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெட், தூரத்திலிருந்தே எதிரிக்குத் தெரிகிற மாதிரி பெரிய கொடி வேண்டும் என்று கேட்டு, மேரி பிக்கர்ஸ்கில் என்ற விதவை 1813இல் தைத்துக் கொடுத்தது. 30 அடி அகலம், 42 அடி நீளம். 15 நட்சத்திரம், ஒவ்வொன்றும் இரண்டடி. வீட்டுக்குள் விரிக்க இடமில்லாமல் பக்கத்தில் ஒரு பீர் ஆலையின் தரையில் விரித்து, அதன் மேலேயே தவழ்ந்து தவழ்ந்து தைத்தார்கள். மேரி, அவர் மகள், உறவுக்காரப் பெண்கள், அவர்களோடு கிரேஸ் விஷர் என்ற 13 வயதுக் கறுப்பினச் சிறுமி. அடிமை இல்லை. ஒப்பந்தத்தில் வேலைக்கு விடப்பட்ட பிள்ளை. அவள் அம்மா ஜென்னி, வீட்டு வேலையும் தையலும் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆறு வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். எழுதிய வருடம் 1810, நம் தீவு கைமாறிய அதே வருடம். ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊசி குத்துவதை நினைத்துப் பாருங்கள்.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் 11 ஞாயிறு, கப்பல்கள் கண்ணில் பட்டன. 12ஆம் தேதி நார்த் பாயின்ட் என்ற இடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சிப்பாய்கள் இறங்கினார்கள். ஸ்மித் எல்லாரையும் மேட்டிலேயே உட்கார வைக்காமல், ஸ்ட்ரிக்கரைச் சுமார் 3,200 மிலிஷியாவோடு முன்னால் அனுப்பினார். ஜெயிக்க வேண்டும் என்றில்லை, தாமதப்படுத்தினால் போதும். அந்த மோதல் தொடங்கும்போதே ஜெனரல் ராஸ் சுடப்பட்டு இறந்துபோனார். ஸ்ட்ரிக்கரின் ஆட்கள் நின்று சுட்டுவிட்டு ஒழுங்காகப் பின்வாங்கி மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பிளேடன்ஸ்பர்க்கில் ஓடியதும் இதே மாதிரி மிலிஷியாதான், மூன்று வாரத்துக்குள் இந்த வித்தியாசம்.

13ஆம் தேதி காலையிலிருந்து சுமார் 25 மணி நேரம் கோட்டை மேல் குண்டு. 1,500க்கு மேல் வீசினார்கள் என்பார்கள். கோட்டையில் செத்தது நாலு பேர். மூழ்கடித்த கப்பல்கள் வழியை அடைத்துக்கொண்டு கிடந்ததால் கப்பற்படையால் கிட்டே வர முடியவில்லை. தரைவழியாக வந்த ஆங்கிலேயத் தளபதி புரூக், மேட்டின் எதிரில் மழையில் நின்று பார்த்தார். ஒரு மைலுக்குக் குறையாத மண் அரண், சுமார் நூறு பீரங்கி, 10,000க்கு மேற்பட்ட ஆட்கள். கப்பல் உதவியில்லாமல் இதில் ஏற முடியாது என்று தெரிந்து, 14ஆம் தேதி விடிவதற்குள் திரும்பிப் போய்விட்டார். அந்த மேட்டில் பெரிய சண்டையே நடக்கவில்லை! மண் வெட்டியதே போதுமானதாக இருந்தது. அதனால்தானோ என்னவோ பாட்டு கோட்டையைப் பற்றி வந்தது. வெட்டிய பள்ளத்தைப் பற்றி யார் பாட்டு எழுதுவார்கள்?

அந்தப் பையனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதில்தான் இருக்கிறது. பால்டிமோரின் ஆட்கள் நம் தீவு ஆட்களைவிட வீரர்கள் என்று சொன்னால் அது பொய். கிராண்ட் போர்ட்டில் நின்றவர்களும் வீரர்கள்தான். ஆனால் ஒன்றரை வருடம் முன்கூட்டி வேலை செய்ய ஒரு ஆள், அவர் சொன்னால் கேட்க எழுதிய தாள், ஊரில் வெட்ட ஆயிரக்கணக்கான கை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தன. தெக்கானுக்குப் பின்னால் பல மாதமாகக் கடல் முற்றுகை, முன்னால் 10,000 பேர், உதவிக்குப் பக்கத்தில் இருந்த ரீயூனியனோ ஜூலையிலேயே விழுந்துவிட்டிருந்தது.

ஜெயித்துக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? 1815இல் செனட் பதவிக்காலம் முடிந்தது. மாநிலச் சபை எதிர்க்கட்சி கையில் இருந்ததால் திரும்ப அனுப்பவில்லை. அடுத்த வருடம் ஊர்க்காரர்கள் கீழ்சபைக்கு அனுப்பினார்கள். 1819இல் இன்னும் பெரிய அடி. கூட்டாளி புக்கானன், அமெரிக்க வங்கியின் பால்டிமோர் கிளைத் தலைவராக இருந்துகொண்டு, காசாளர் மெக்குல்லோவோடு சேர்ந்து அடமானம் இல்லாமல் வங்கிப் பணத்தை எடுத்துப் பங்கில் விளையாடியது வெளியே வந்தது. (அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற மெக்குல்லோ வழக்கில் வரும் அதே காசாளர்.) வியாபாரம் மூழ்கியது, ஸ்மித்தின் சொத்து கிட்டத்தட்ட முழுவதும் போயிற்று. 67 வயதில் ஒருவருக்கு இது வந்தால் எழுந்திருப்பாரா? இவர் எழுந்து போய் இன்னும் பதினாலு வருடம் காங்கிரஸில் உட்கார்ந்தார்.

1835. நம் தீவில் அடிமைமுறை ஒழிந்த வருடம். பால்டிமோரில் முந்தின வருடம் மேரிலாந்து வங்கி மூழ்கிப் போய், சின்னச் சின்னச் சேமிப்பு வைத்திருந்தவர்கள் எல்லாம் தெருவில் நின்றார்கள். பதினேழு மாதம் பொறுத்தும் கணக்கு வரவில்லை என்று ஆகஸ்ட்டில் கலவரம் வெடித்தது, வங்கி இயக்குநர்களின் வீடுகளைச் சூறையாடினார்கள். மேயரால் அடக்க முடியவில்லை. ஊர் மறுபடியும் அதே கிழவரிடம் போனது. 83 வயதில் வண்டியில் ஏறிக் கொடியோடு தெருவில் வந்து, ஆயுதம் எடுத்துக் காவலுக்கு வாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார். ஜனங்கள் வந்தார்கள், கலவரம் அடங்கியது. மேயர் ராஜினாமா செய்தார், அந்த இடத்துக்கு ஸ்மித்தையே தேர்ந்தெடுத்தார்கள். 1838 வரை மேயராக இருந்து, 1839 ஏப்ரல் 22 அன்று இறந்தார். அந்த ஊரின் பெடரல் ஹில் மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. என் அத்தை மகள் க்ரூஸ் கப்பலில் வேலை செய்கிறாள், அந்தத் துறைமுகத்துக்குப் போனால் போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதை முழுவதையும் பெரியப்பாவிடம் சொன்னேன். வராந்தாவில் வெனிலா டீ குடித்துக்கொண்டே கேட்டார். ஆளுநர் தாள் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். கொடி விஷயம் வந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார்.

"405 டாலர் 90 சென்ட் பெரியப்பா. ரசீது இன்னும் பத்திரமா இருக்காம்."

"யார் பேர்ல?"

"மேரி பிக்கர்ஸ்கில் பேர்ல."

"அந்தச் சின்னப் பொண்ணு பேரு?"

இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் உள்ளே போய்க் கோவில் நோட்டை எடுத்து வந்து, இந்த வருடத் தைப்பூசப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். பந்தல் செலவு, பூ, பால், ஏழு கறிக்குக் காய்கறி என்று வரிசையாகக் கணக்கு, அதற்குக் கீழே காய் நறுக்க வந்தவர்களின் பெயர். பதினெட்டு பெண்கள். கடைசி வரியில் பக்கத்து வீட்டு ஆயாவோடு வந்து பூண்டு உரித்த ஒன்பது வயதுப் பேத்தியின் பெயரும் இருந்தது, முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.